குமிழி நின்ற காலை

எங்கள் சிடாம் கிரி ரப்பர் தோட்டத்தில் ஒருவருக்கு ‘காஸ் வைத்துவிட்டார்கள்’ என்றால் ஆள் முடிந்தார் என்று அர்த்தம். ஆஸ்பத்திரியில் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு கிடந்த யாரும் லயத்து வீடுகளுக்குத் திரும்பி வந்ததில்லை. உயிர் தொண்டைக்கு வந்த பிறகு கொண்டுபோனால் எப்படித் திரும்புவார்கள்? அதை ஒருவரும் யோசிப்பதில்லை.

எண்பதுகளில் என் ஒன்றரை வயது மகளுக்கு நிமோனியா கண்டது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. காத்து கருப்பு அடித்திருக்கிறது, மந்திரித்துக் கயிறு கட்டு என்றார் என் நாத்தனார். நான் பால்மரம் வெட்டும் வேலைக்குப் போகாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அங்கே தொண்டைக்குள் எதையும் விடவில்லை. மூக்கில் மட்டும் சின்னக் குழாய் வைத்து பிளாஸ்டர் ஒட்டினார்கள். அதன் இன்னொரு முனை கட்டிலோரம் இருந்த தண்ணீர் போத்தலுக்குள் இறங்கிக் களகளவென்று குமிழி விட்டது. குமிழி வரும்வரை காற்று நெஞ்சை விரித்துப் பிடித்திருக்கும், நின்றால் உடனே கூப்பிடு என்று நர்ஸ் மிஸ்ஸி மலாயில் சொல்லிக்கொடுத்தாள்.

மறுநாள் நாத்தனார் வந்தார். குழாயைப் பார்த்ததும் மாரில் அடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் செத்தால் பிணத்தை லயத்துக்குள் விடமாட்டார்கள், உயிர் இருக்கும்போதே தூக்கிப் போய்விடலாம் என்று என் வீட்டுக்காரரை அரித்தெடுத்தார். அந்த மனிதரும் பிள்ளையைக் கொண்டுபோகக் கையெழுத்துப் போடும் பாரத்தாளை வாங்கி வந்துவிட்டார். எனக்கு வந்ததே கோபம்! பிடுங்கி நாலாகக் கிழித்தேன்.

“காத்து அடிச்சிருச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க, அண்ணி? அந்தக் காத்தே இவள பொழைக்க வைக்கட்டும். எம்புள்ள மேல கை வச்சீங்க, அவ்வளவுதான்.”

பயம் எனக்கும் இருந்தது. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. கண் எரிய எரியப் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலை குமிழி நின்றது. பிள்ளையின் வாய் திறந்திருந்தது, சத்தமில்லை. “நான் சொல்லல?” என்றார் நாத்தனார். மிஸ்ஸியைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவள் வந்து சேர்வதற்குள் பிள்ளை வீறிட்டாள். மூன்று நாளாக முனகக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தவள்.

மிஸ்ஸி சிரித்துவிட்டாள். வாயைத் திறந்து அழுதால் காற்று வாய் வழியே போய்விடும், அதனால்தான் குமிழி நின்றது, அழ பலம் வந்துவிட்டது லா என்றாள். சமாதானப்படுத்தினால் வாயை மூடிக்கொள்வாள், குமிழி திரும்ப வரும் என்றாள்.

சமாதானப்படுத்தத்தான் போனேன். அதற்கு முன்னால் நாத்தனாரைப் பார்த்தபடியே என் மகளிடம் குனிந்தேன்.

“அழுடி. லயம் முழுக்க கேக்கற மாதிரி அழு.”