தியாகலிங்கம் தன்னைத்தானே விசாரித்த கதை

தொண்ணூறுகளில் கனடாவின் ஸ்காபரோவில் கலியாணம் பேசிய தமிழ்க் குடும்பங்களில் பாதிக்குத் தியாகலிங்கத்தைத் தெரிந்திருக்கும். கிழமை நாட்களில் பிளாஸ்ரிக் வாளி செய்கிற தொழிற்சாலையில் வேலை. சனி, ஞாயிறில் மாப்பிள்ளை விசாரிப்பு. யாரும் அவருக்குச் சம்பளம் பேசவில்லை, அவர் கேட்கவுமில்லை. ஆனால் "தியாகு அண்ணை விசாரிச்சுச் சொன்னால் சரி" என்று நாலு பேர் சொல்வதைக் கேட்கிற சுகம் அவருக்குப் பிடித்திருந்தது.

யாழ்ப்பாணத்தில் பெண் கொடுக்கமுன் மாப்பிள்ளையின் ஊருக்கு ஆள் அனுப்பி, சந்திக் கடையில் மெல்ல வாயைக் கிளறுவார்கள். இங்கே சந்திக் கடைக்கு எங்கே போவது? மனிதர் சளைக்கவில்லை. மாப்பிள்ளை இருக்கிற அப்பார்ட்மென்டின் உடுப்புத் தோய்க்கிற அறையில் போய் நின்று கதை கொடுப்பார். கீழே டோனட் கடையில் கோப்பி வாங்கிக்கொண்டு உட்காருவார். தான் யார், எந்தப் பக்கத்து ஆள் என்பது பற்றி மட்டும் மூச்சு விடமாட்டார். கேட்டு வருகிற பதிலில் பாதி முகத்தாட்சணியம், கேளாமல் ஒருத்தன் சொல்வதுதான் உண்மை என்பது அவருடைய கொள்கை.

அப்படிப்பட்டவருக்கு வீட்டிலேயே ஒரு சோதனை வந்தது. மகள் நிரூபாவுக்கு நகரத்து நடுவிலுள்ள பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. பஸ் ஏறி, சப்வே மாறிப் போய்வருவதற்குள் பாதிப் பொழுது தொலைந்துவிடும், அதனால் பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட, ஸ்படைனாத் தெருப் பக்கம் ஒரு வீட்டில் சிநேகிதிகளோடு அறை எடுத்து இருக்கப்போகிறேன் என்றாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரருக்குப் பதில் சொல்லவேண்டும். தாய் ரதிக்குச் சம்மதம்தான். ஆனால் அந்த வீட்டில் ரதியின் சம்மதம் தனியாகச் செல்லுபடியாகாது.

"பொம்பிளைப் பிள்ளை தனிய இருக்கிறதெண்டால் சும்மாவே? நான் ஒருக்கா இடத்தை விசாரிச்சிட்டுத்தான் சொல்லுவன்" என்றார் தியாகலிங்கம்.

நிரூபா அறைக்குள் போய்விட்டாள். அப்பா விசாரித்து வந்து "சரிவராது" என்று சொன்ன மாப்பிள்ளைகளின் கதையெல்லாம் கேட்டு வளர்ந்தவள் அவள்.

சனிக்கிழமை காலை இஸ்திரி போட்ட சேர்ட்டோடு தியாகலிங்கம் சப்வேயால் இறங்கினார். கனடாவுக்கு வந்து எட்டு வருடம். குடிவரவு அலுவலகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் தவிர அவர் நகரத்து நடுவுக்கு வந்ததில்லை. முதலில் பல்கலைக்கழகத்துக்குள் போனார். கருங்கல் கட்டடங்கள், சுவரெல்லாம் கொடி. அதன் கம்பீரம் அவருக்குப் பிடித்தது. புல்தரையில் ஒரு பெடியன் பெட்டையின் மடியில் தலை வைத்துப் படித்துக்கொண்டிருந்தது பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கூரையை ஆராய்ந்தார்.

பிறகு சீனக் கடைத்தெரு. பாவற்காயும் பயிற்றங்காயும் ஸ்காபரோவை விட மலிவாகக் கிடந்ததைக் கண்டு கொஞ்சம் இளகினார். கென்சிங்ரன் சந்தையில் மறுபடி இறுகினார். பச்சைத் தலைமயிரும் மூக்கு வளையமுமாக ஆட்கள், வாசலில் தொங்கும் பழைய உடுப்பு, மீனும் சீஸும் கலந்த ஒரு வெடில் நாற்றம். ஆனாலும் கால் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. யாரும் யாரையும் உற்றுப் பார்க்காத ஊர் அது. உற்றுப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருந்த மனிதருக்கு அது விநோதமாக இருந்தது.

மகள் சொன்ன வீட்டையும் கண்டுபிடித்தார். முன்பக்கம் பார்த்தால் போதாது, இருக்கிறவர்களின் இலட்சணம் குப்பைவாளியில்தான் தெரியும், அது பின்பக்கம்தான் இருக்கும் என்று ஒழுங்கைக்குள் போனார். அங்கே ஓர் உணவகத்தின் பின்கதவடியில், கவிழ்த்த பால்பெட்டியில் ஒருவர் ஏப்ரனோடு இருந்து இளைப்பாறிக்கொண்டிருந்தார். பார்த்த உடனே தமிழ் என்று இருவருக்கும் விளங்கிவிட்டது.

"அண்ணை, ஆரைத் தேடுறியள்?"

"சும்மா. தெரிஞ்ச ஆக்களின்ரை பிள்ளை ஒண்டு இங்கை இருக்கப்போகுதாம். இடம் பாக்க வந்தனான்."

அவர் பெயர் யேசுரட்ணம். யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரர். உள்ளே கோப்பை கழுவுகிற வேலை. இடத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "இடம் நல்ல இடம்தான். ஆளைப் பொறுத்தது" என்று முடித்துவிட்டு, கேளாமலே வேறொன்றைத் தொடங்கினார்.

"போன மாரியிலை மனிசிக்கு ஒப்பரேசன். எனக்கு இங்கிலிஸ் மட்டு. டொக்டர் சொன்னது ஒண்டும் விளங்காமல் இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியிலை அழுதுகொண்டு நிண்டனான். அங்கை சனிக்கிழமையளிலை சும்மா உதவிக்கு வாற பிள்ளை ஒண்டு, எங்கடை பிள்ளை, ஓடிவந்து எல்லாம் கேட்டுச் சொல்லிச்சுது. மனிசி வீட்டை வருமட்டும் ஒவ்வொரு சனியும் கட்டிலடியிலை வந்து இருந்திது. இப்பவும் இந்தக் கதவடியாலை வந்து அன்ரிக்கு எப்பிடியெண்டு கேட்டிட்டுத்தான் போகும். நிரூபா எண்டு பேர்."

சனிக்கிழமைகளில் மகள் ஸ்காபரோ நூலகத்தில் படிக்கிறாள் என்றல்லவா தியாகலிங்கம் நினைத்திருந்தார்!

"தாய் தேப்பனைக் கண்டு ஒரு நன்றி சொல்லவேணுமெண்டு மனிசி நெடுகச் சொல்லுறாள். பிள்ளை விடுகுதில்லை. இங்கை வாறது அப்பாவுக்குத் தெரிஞ்சால் மறிச்சுப்போடுவாராம். நல்லது செய்யிறதுக்கும் ஒளிச்செல்லோ வருகுது, பாவம். அண்ணை, நீங்களும் ஸ்காபரோப் பக்கமாத்தான் இருக்கும். தேப்பன் தியாகலிங்கமாம், வாளிக் கொம்பனியிலை வேலையாம். என்ன மாதிரி ஆளெண்டு ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுவியளே? பொல்லாத ஆளெண்டால் நாங்கள் போகேல்லை, பிள்ளைக்குத்தான் கரைச்சல்."

எத்தனையோ பேருடைய பிள்ளைகளைப் பற்றி எத்தனையோ வாசல்களில் கேட்ட மனிதரிடம் இப்போது அவரைப் பற்றியே கேட்டாயிற்று. வெட்கமாக இருந்தது.

"விசாரிச்சுச் சொல்லுறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். குப்பைவாளியைப் பார்க்க மறந்துபோனார்.

வீடு வந்து சேர்ந்தபோது ரதி குசினியில் நின்றாள். நிரூபா மேசையில் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள், ஆனால் வாசிக்கவில்லை.

"என்ன மாதிரி இடம்?" என்றாள் ரதி.

"இடத்தைச் சரியா விசாரிக்கேல்லை. பிள்ளை போகட்டும்."

நிரூபா நிமிர்ந்து பார்த்தாள். அவர் மகளின் முகத்தைப் பாராமல் சப்பாத்தின் நாடாவை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்:

"பிள்ளை, யேசுரட்ணத்துக்கு ஒருக்கா போன் அடி. தேப்பனைப் பற்றி விசாரிச்சாச்சாம், கொஞ்சம் பொல்லாத ஆள்தானாம் எண்டு சொல்லு. எண்டாலும் நாளைக்கு மனிசியையும் கூட்டிக்கொண்டு சாப்பிட வரட்டாம்."