மெத்தைக்காரரின் வலை ஊஞ்சல்

அவர் இருபது வருடமாக மெத்தைக்கடை வைத்திருப்பவர். "முதுகெலும்பு போனா மனுஷனே போயிட்டான்" என்று சொல்லிச் சொல்லியே விலை உயர்ந்த மெத்தைகளைத் தள்ளிவிடுவார். பள்ளித் தோழர்கள் மூவர் அவர் முதுகில் ஒரு பையை மாட்டி, தீவு தீவாகச் சுற்ற இழுத்துப் போனார்கள். முதல் தீவின் விடுதியில் கட்டிலே இல்லை. தென்னைகளுக்கு நடுவே வலை ஊஞ்சல்கள்தான் தொங்கின.

"இதுல படுத்தா முதுகு வாழைப்பழமாட்டம் வளைஞ்சிரும்டா!" என்று குதித்தார். ஆனாலும் சாப்பிட்ட அசதியில் சும்மா சாய்ந்து பார்த்தார். அவ்வளவுதான்.

அடுத்த தீவுக்குப் படகு வந்தது. நண்பர்கள் உலுக்கினார்கள், காதைத் திருகினார்கள்.

"ஆளு போயிட்டான், குறட்டைக்கு மட்டும்தான் உயிர் இருக்கு" என்று ஒருவன் அறிவிக்க, மூவரும் கிளம்பிவிட்டார்கள்.

மாலையில் மனைவியின் போன்தான் எழுப்பியது.

"தூங்கிட்டிருந்தீங்களா?"

"தொங்கிட்டிருந்தேன்."

"கூட வந்தவங்க எங்க?"

சுற்றிப் பார்த்தார். கடலும் ஒரு நாயும்தான் இருந்தன.

"விட்டுட்டுப் போயிட்டானுங்க" என்றார் குஷியாக.

"ஐயோ, முதுகு?"

"வலியே இல்லடி. வெளிய சொல்லிராத, வியாபாரம் படுத்துரும்."

அடுத்த படகு எப்போது என்றுகூட விசாரிக்காமல் மறுபடி கண்ணை மூடினார்.