அகல டயர் கேட்டு வந்தவர்கள்

டயர் கடைக்கு யாரும் சந்தோஷமாக வருவதில்லை. அகல டயர் கேட்டு வருகிறவர் மட்டும் நகைக்கடைக்குப் போகிற முகத்தோடு வருவார். காரைக்குடியில் எங்கள் கடையில் வீட்டுக்காரர் டயர் மாட்டுவார், ஆள்களைச் சமாளிப்பது நான். கடை வைத்து வாய் வலிக்கப் பேசும் சக பாவிகளே, உங்களுக்குப் புரியும்.

மாப்பிள்ளை வண்டி

கோட்டையூர்க்காரர் ஒருவருக்குக் கல்யாணம் நெருங்கிய நேரம். தன் சின்ன காருக்கு ஜீப் மாதிரி டயர் கேட்டார். "பார்வைக்கு எடுப்பா இருக்கும், பிடிமானமும் கூடும். ஆனா பெட்ரோல் கூடக் குடிக்கும், ஒடிச்சுத் திருப்புனா மட்கார்டுல உரசும்" என்றேன். நம்பவில்லை. முன்பக்கம் மாட்டிக் கொடுத்து, வாசலிலேயே திருப்பிப் பார்க்கச் சொன்னோம். கரக் கரக்கென்று சத்தம். எதிர் டீக்கடையே எட்டிப் பார்த்தது. இறங்கி வந்து மெதுவாகச் சொன்னார்: "ஒரு சைஸ் மட்டும் கூட்டிப் போடுங்கக்கா, பொண்ணு வீட்டுக்குப் போற வண்டி முனங்கக் கூடாது."

பிள்ளையார்பட்டி ரோட்டில்

ஆரோக்கியம் அண்ணன் வாடகைக் கார் ஓட்டுகிறவர். அவர் காருக்கும் வண்டிக்கு ஒத்துவருகிற அளவில் ஒரு சைஸ் அகலமாகப் போட்டுக் கொடுத்திருந்தோம். ஒருநாள் பிள்ளையார்பட்டி சவாரியை இறக்கிவிட்டு நேராகக் கடைக்கு வந்தார். வழியில் ஒருவர் சைக்கிளோடு குறுக்கே வந்துவிட்டாராம். பிரேக்கை மிதித்ததும் வண்டி இழுத்துக்கொண்டு போகாமல் நின்றுவிட்டதாம். சைக்கிள்காரருக்குக் கீறல்கூட இல்லை.

என் வீட்டுக்காரர் போய், அந்த டயரைக் கன்றுக்குட்டியைத் தடவுவதுபோலத் தடவினார். எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "மழைத்தண்ணி தேங்குன இடத்துல இதே அகலம் வழுக்கிவிடும்ணே, மெதுவாப் போங்க" என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்: "இன்னைக்கு ஒருநா மட்டும் குறை சொல்லாம விடு தாயி!"

ஆச்சியின் தோள்

நாட்டரசன்கோட்டை ஆச்சி ஒருவர், பவர் ஸ்டீயரிங் இல்லாத பழைய காரைத் தானே ஓட்டுகிறவர். வெளியூரிலிருந்து வந்த மகன் ஆசையாக அகல டயர் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். அதன் பிறகு வண்டியைத் திருப்பி நிறுத்துவதற்குள் ஆச்சிக்குத் தோள் கழன்றுவிடும். கடைசியில் வண்டியை விற்றுவிடலாம் என்று முடிவுசெய்து, காற்று அடிக்கத்தான் எங்களிடம் வந்தார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

நான் ஏறி ஒரு தடவை திருப்பினேன். எனக்கே மூச்சு வாங்கியது. "ஆச்சி, விக்காதீக. ஒங்க தோள்ல ஒரு கோளாறும் இல்ல, டயருதான் கனம்" என்று சொல்லி, பழைய அளவிலேயே புது டயர் மாட்டிக் கொடுத்தோம். தெருவில் ஒரே மூச்சில் வட்டமடித்து வந்து, கண்ணாடியை இறக்கிவிட்டுச் சிரித்தார்: "எனக்குத்தான் வயசாயிருச்சுன்னு இருந்தேன் ஆத்தா, டயருக்குல்ல தொந்தி விழுந்திருக்கு!"

அகல டயரை யார் வேண்டுமானாலும் விற்றுவிடலாம், வேண்டாம் என்று சொல்லியும் வாடிக்கையாளரைச் சிரிக்க வைத்து அனுப்ப இந்த ரோட்டில் என்னை விட்டால் ஆளில்லை என்பதை, வேறு யாரும் சொல்லாததால் நானே சொல்லிக்கொள்கிறேன்.