அப்படி யாரும் இங்கே இல்லை

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்களில் எங்கள் பக்கத்தில் யாரும் யாரிடமும் பெயர் கேட்க மாட்டார்கள். கேட்டால், "எதுக்குக் கேக்கற?" என்றுதான் பதில் வரும். ரிஷிவந்தியம் பக்கத்துச் சாலைகளில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். மரங்களை அகற்றிய பிறகு, வெட்டியவர்களைத் தேடிப் போலீஸ் ஜீப் ஊர் ஊராக வந்தது. யார் காட்டிக்கொடுப்பார்கள் என்று தெரியாததால் எல்லோரும் எல்லோரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். டீக்கடையில் ஒரு புது முகம் சேர்ந்தாற்போல் கொஞ்ச நேரம் பேப்பர் படித்தால், அது மஃப்டி போலீஸ் என்று நானே முடிவு கட்டிவிடுவேன். ஒருமுறை அப்படி நான் முடிவு கட்டிய ஆள், பக்கத்து ஊருக்குப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் மாமா என்று பிறகு தெரிந்தது. அப்போதும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் என்னைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதி, டைப் அடித்து, முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்ப வேண்டி வந்தது.

கல்லூரியில் கடைசி வருஷம். கல்வராயன் மலையில் பள்ளிக்கூடம் நடத்தும் ஒரு தொண்டு நிறுவனம் படித்த பெண்களைத் தேடுவதாகவும், பயோடேட்டா அனுப்பினால் கூப்பிடுவார்கள் என்றும் ஒரு பேராசிரியை சொன்னார். தங்குவதற்கு அங்கேயே இடம், சாப்பாடு, சம்பளம். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போனது நான் ஒருத்திதான். இந்த வேலை கிடைக்காவிட்டால் வீட்டில் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் கல்யாணம். மணலூர்பேட்டையில் கரும்பும் டிராக்டருமாக ஒரு மாப்பிள்ளை தயாராகவே இருந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. எனக்கு வேலை வேண்டும், அவ்வளவுதான். அதுவரை நான் எதையும் அந்த அளவுக்கு ஆசைப்பட்டதில்லை.

விஷயத்தைச் சொன்னதும் அண்ணன்தான் முதலில் எகிறினான். அப்போது அவன் பகலில் வீட்டில் இருப்பதில்லை. கரும்புக் கொல்லைக்குள் இருந்துவிட்டு, சோற்றுக்கு மட்டும் பின்வாசல் வழியாக வருவான். மரம் வெட்டிய அன்றைக்குச் சும்மா வேடிக்கை பார்த்ததாகச் சொல்லியிருந்தான். வேடிக்கை பார்த்தவனுக்கு உள்ளங்கை எப்படிக் கொப்புளித்தது என்று நான் கேட்கவில்லை.

"பேரு, அப்பா பேரு, ஊரு, தெரு, எல்லாத்தையும் எழுதிக் குடுக்கப் போறியா? அந்தப் பேப்பரு யார் யார் கைக்குப் போவும்னு தெரியுமா உனக்கு?" என்றான்.

"வேலைக்குண்ணா."

"வேலைக்குன்னு சொல்லித்தான் வாங்குவாங்க. நாளைக்கு ஜீப்பு வந்தா நீயே பதில் சொல்லு."

அதோடு சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டான். அவன் சொன்னது எனக்கும் உறைத்தது. ஆனாலும் மறுநாள் கள்ளக்குறிச்சி பஸ் ஏறினேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு துணிக்கடைக்கு மேலே டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்தது. கடை அண்ணனுடையது, இன்ஸ்டிடியூட் தம்பியுடையது. தம்பியைத்தான் எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். நான் நோட்டுப் பேப்பரில் எழுதிக்கொண்டு போனதை வாங்கிப் பார்த்தார். பெயர், பிறந்த தேதி, படிப்பு, விலாசம். அதோடு தீர்ந்துவிட்டது. அரைப் பக்கம்கூட வரவில்லை.

"இன்னாம்மா, ரேஷன் கார்டு மாதிரி இருக்குது. அனுபவம்னு ஒண்ணுமே இல்லியா?"

"இப்பதான் படிச்சிக்கினு இருக்கறேன் மாஸ்டர். அனுபவத்துக்கு எங்க போறது?"

"இல்லன்னு மட்டும் எழுதாத. இல்லன்னு எழுதிட்டா அதுக்கு மேல படிக்க மாட்டாங்க. வூட்ல இன்னா வேல செய்வ? சொல்லு."

எனக்குச் சுருக்கென்றது. வீட்டைப் பற்றி இந்த மனிதருக்கு எதற்கு? மாடு கறப்பேன் என்றேன். சிரித்தார். தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது உண்டா என்றார். உண்டு, எங்கள் தெருவில் சாயங்காலமானால் பிள்ளைகள் சிலேட்டோடு என்னிடம்தான் வருவார்கள். எத்தனை பேர் வருவார்கள், எந்த வகுப்பு, யார் வீட்டுப் பிள்ளைகள்? யார் வீட்டுப் பிள்ளைகள் என்றதும் நான் வாயை மூடிக்கொண்டேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறாயா என்றார். யாருக்கெல்லாம் எழுதினேன் என்று அடுத்துக் கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கேட்காததும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

ஆனால் அவர் அடித்துக் கொடுத்ததைப் படித்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. சிலேட்டுப் பிள்ளைகள் 'மாலைநேர வகுப்பு' ஆகியிருந்தார்கள். கடிதம் எழுதிக் கொடுத்தது 'கிராமப்புறப் பெண்களிடையே சேவை' ஆகியிருந்தது. பொய் ஒன்றும் இல்லை. நான் செய்ததுதான். செய்தபோது அதற்கு இப்படி ஒரு பெயர் இருப்பது எனக்குத் தெரியாது.

இரண்டு பிரதி எடுத்திருந்தார். நான் கார்பன் தாளையும் கேட்டேன்.

"அது எதுக்கும்மா?"

"என் பேரு அதுல இருக்குது மாஸ்டர்."

கார்பனை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் எழுத்தெல்லாம் படிக்கும்படி இருந்தது. அதையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். "நீ வாத்தியாரம்மா வேலைக்குப் போறியா, சி.ஐ.டி. வேலைக்குப் போறியா?" என்று மாஸ்டர் கேட்டார். பஸ்ஸில் வரும்போது எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் கார்பனை அடுப்பில் போட்ட பிறகுதான் அன்றைக்கு எனக்குத் தூக்கம் வந்தது.

தபாலில் போட்டேன். பதிலே இல்லை. என்னோடு படித்த திருநாவலூர்ப் பெண்ணும் போட்டிருந்தாள். அவளுக்கு நேர்முகத்துக்குக் கடிதம் வந்து, அவள் போயும் வந்துவிட்டாள். எனக்கு வரவில்லை என்றதும் என் புத்தி வழக்கமான வேலையைத் தொடங்கியது. மாஸ்டர் விலாசத்தை மாற்றி அடித்துவிட்டாரா? அண்ணன் தபால்காரரை மடக்கி வாங்கிக் கிழித்துவிட்டானா? அந்தப் பெண்ணே என்னைப் பற்றி ஏதாவது போட்டுக் கொடுத்துவிட்டாளா? மூன்று பேரையும் மனதுக்குள் நிற்க வைத்து விசாரித்தேன். ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் கல்லூரிக்கு என்று சொல்லிவிட்டுக் கச்சிராயபாளையம் போய், அங்கிருந்து மலை பஸ் ஏறினேன்.

நிறுவனத்தின் ஆபீஸ் ஓட்டுக் கட்டடம். நடுவயதில் ஒரு அம்மாள் மேஜைக்குப் பின்னால் இருந்தார். அவர்தான் பொறுப்பாளர், பட்டணத்துக்காரர். நான் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. மேஜை டிராயரைத் திறந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து என் முன்னால் வைத்தார். ரிஜிஸ்டர் தபால். என் பெயர், என் ஊர், என் தெரு. அதன் மேல் நீல மையில் எழுதியிருந்தது: அப்படி ஒருவரும் இங்கே இல்லை என வீட்டார் கூறியதால் திருப்பி அனுப்பப்படுகிறது.

"வழியில மரத்தை வெட்டிப் போட்டதுலேருந்து சாதா தபால் தொலைஞ்சு போகுதுன்னு எல்லாருக்கும் ரிஜிஸ்டர்ல அனுப்பினோம்," என்றார். "உங்க வீட்டுல உங்களை இல்லைங்கறாங்க. அப்போ நீங்க யாரு?"

சான்றிதழ்களை எடுத்து நீட்டினேன். ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"சர்டிபிகேட் சரிதான். எனக்குப் புரியாதது வேற. வீட்டை விட்டு வந்துட்டீங்களா? இல்ல, தள்ளி வெச்சிட்டாங்களா? இந்த மாசமெல்லாம் கீழேருந்து யார் யாரோ மலைக்கு வராங்க, ஏன் வராங்கன்னே சொல்றதில்லை. நாளைக்கு யாராவது அரிவாளோட வந்து வாசல்ல நின்னா நான் என்ன பண்றது? வீட்டுலேருந்து ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க. அதுக்கப்புறம் பேசலாம்."

கோபத்தில் எனக்குக் காது அடைத்தது. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவள் நான். என்னையே ஒருவர் இப்படி உட்கார வைத்துக் கேட்பார் என்று நினைத்ததே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைத்தான் பிடித்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் ரிஜிஸ்டர் தபால் என்றாலே வக்கீல் நோட்டீஸ். பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு என்று ஏதாவது இருக்கும். கையெழுத்துப் போட்டு வாங்கினால் கேஸ் ஒட்டிக்கொள்ளும் என்பது எல்லா வீட்டிலும் உள்ள பயம். அதனால் ஆள் இல்லை என்று சொல்லித் திருப்பிவிடுவதுதான் பழக்கம். பழைய தபால்காரராக இருந்தால் பெயரைப் பார்த்து என்னிடம் சொல்லியிருப்பார். அவர் லீவில் போய், ஊருக்குப் புதிய ஆள் ஒருவர் வந்துகொண்டிருந்தார்.

"என் பேரைச் சொன்னாரா இல்லியா?"

"சொன்னாரு போலருக்குது."

"அப்பறம் எப்டிம்மா இல்லன்னு சொன்ன?"

அம்மா உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"காக்கிச் சட்ட போட்டுக்கினு, கையில பேப்பர வெச்சிக்கினு ஒருத்தன் வாசல்ல நின்னு பேரு கேட்டா, எனக்கு உன் அண்ணன் நெனப்புதாண்டி வரும். இன்னா பேரு சொன்னான்னு காதுலயே வுழல. அப்படி யாரும் இல்லன்னேன். இத்தினி நாளா யார் வந்து கேட்டாலும் அதான சொல்லிக்கினு இருக்கறேன். வாயி தானா சொல்லிடுது."

நான் மனதுக்குள் சேர்த்து வைத்திருந்த திட்டு எல்லாம் அப்படியே நின்றுவிட்டது. அப்பா மலைக்கு வர மறுத்துவிட்டார். மகன் எங்கே என்று வழியில் யாராவது கேட்டால் அவருக்குப் பொய் வராது. அம்மாதான் கிளம்பினாள்.

பஸ்ஸில் அம்மா என்னை ஜன்னல் பக்கம் தள்ளி, தான் வழியை மறித்து உட்கார்ந்தாள். கண்டக்டர், "எங்கம்மா போறீங்க?" என்று கேட்டதற்கு, "போற எடத்துக்குத்தான்" என்றாள். பிறகு டிக்கெட் வாங்குவதற்காக வேறு வழியில்லாமல் ஊர்ப் பெயரைச் சொன்னாள். வளைவுகளில் பஸ் ஏறும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

ஆபீஸில் அந்த அம்மாள் நாற்காலி போட்டார். அம்மா உட்காரவில்லை.

"இது உங்க பொண்ணாம்மா?"

"எம் பொண்ணுதாங்க."

"அப்புறம் ஏன் தபால்காரர்கிட்ட அப்படிச் சொன்னீங்க?"

"ரிஜிஸ்டர்னா எங்க பக்கம் அப்டிதாங்க சொல்றது. கோர்ட்டுக் காயிதம்னு நெனச்சிட்டேன்."

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். மலையில் சில வருஷம் இருந்தவர், கீழே சமவெளி ஊர்களின் வழக்கம் அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். என் பயோடேட்டாவை எடுத்துப் படித்தார். மாலைநேர வகுப்பு பற்றிக் கேட்டார். எழுத்துக்கூட்டிப் படிக்க வராத பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பீர்கள் என்று கேட்டார். இதற்கெல்லாம் எனக்குப் பதில் தெரியும், தயங்காமல் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே ஒரு புது ஃபைலைத் திறந்து பேனாவை எடுத்தார். எனக்குள் ஒரே குதியாட்டம்.

"குடும்ப விவரம் மட்டும் எழுதிக்கறேன். பிள்ளைங்க எத்தனை பேரும்மா உங்களுக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டாள். "இவ ஒருத்திதாங்க."

"ஆம்பளப் பிள்ளை?"

"இல்லீங்க."

அந்த அம்மாள் எழுதிக்கொண்டார். பரீட்சை முடிந்ததும் வருகிற முதல் தேதியிலிருந்து வந்துவிடச் சொன்னார். நான் கும்பிட்டேன், அம்மாவும் கும்பிட்டாள்.

இறங்கும் பஸ்ஸில் கூட்டமே இல்லை. வேலை கிடைத்த சந்தோஷத்தில் நான் என்னென்னவோ பேசிக்கொண்டு வந்தேன். மலை முடிந்து சமவெளி வந்த பிறகுதான் அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"அந்தம்மா நான் சொன்னத எழுதிக்கினாங்களா?"

"எழுதிக்கினாங்கம்மா."

"தம்பி இல்லன்னு சொன்னதயுமா?" அண்ணனை அம்மா எப்போதும் தம்பி என்றுதான் கூப்பிடுவாள்.

"அதயும்தான்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "பென்சில்லதான எழுதினாங்க?" என்று கேட்டாள்.