டிரைவரக்கா கொடுத்த முதல் புகார்

டிரைவரக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தது நான்தான். பல்கலைக்கழகத்துக்கு வருவதற்கு முன் பன்னிரண்டு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவள். போக்குவரத்துத் திட்டமிடல் படிக்க ஏன் வந்தீர்கள் என்று கேட்டால், "ரூட்டு போடற மகராசன் ஒருத்தனும் பஸ்ஸுல ஏறினதில்ல போல. அதான் நானே போட்டுடலாம்னு வந்தேன்" என்பாள். வாடகை வீட்டில் எனக்கும் அவளுக்கும் அடுத்தடுத்த அறை, நடுவில் பொதுவாக ஒரு சமையலறை. காபி போடுவது அவள். பாத்திரம் கழுவுவது நான். கழுவிய லட்சணத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கழுவுவதும் அவள்தான்.

அவளுடைய குடும்பம் இரண்டு தலைமுறைக்கு முன்னால் வேறு எங்கிருந்தோ பிழைக்க வந்தது. அவள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். முகத்தையும் பெயரையும் வைத்து ஆளை எடைபோடுகிறவர்களுக்கு அதெல்லாம் ஒரு கணக்கா?

முதலில் மேசையில் எழுதினார்கள். எங்கள் வகுப்பில் அவள் வழக்கமாக உட்காருகிற இடத்தில், அவள் இனத்தைச் சொல்லி ஒரு கெட்ட வார்த்தை, அதன் கீழே 'வந்த இடத்துக்கே போ'. அக்கா கைக்குட்டையை நனைத்துத் துடைத்துவிட்டுப் பாடத்தைக் கவனித்தாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"விடுடி, சின்னப் பசங்க. வயசானவ வந்து கூட உக்காந்திருக்காளேன்னு கிண்டல் பண்றாங்க. பஸ்ஸுல நான் கேக்காததா?"

"நம்ம வகுப்புல உங்க வயசுல இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க. அவங்க மேசையில யாராவது எழுதினாங்களா?"

அடுத்த வாரமும் எழுதினார்கள், அவளும் துடைத்தாள்.

ஒரு சனிக்கிழமை காலை வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு பிரேக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தாள். போன வாரம்தான் ஒரு தடவை மாற்றியிருந்தாள். கழற்றிப் போட்டிருந்த பழைய கம்பியை எடுத்துப் பார்த்தேன். பிரிபிரியாக நைந்து போயிருக்கவில்லை. ஒரே வெட்டில் துண்டாகியிருந்தது.

"அக்கா, இது தானா அறுந்ததா, யாராவது அறுத்ததா?"

"அறுத்ததுதான்." திருகாணியை முடுக்கிக்கொண்டே சொன்னாள். "இறக்கத்துல விடறதுக்கு முன்னாடி பிரேக்க ஒரு தரம் பிடிச்சுப் பாக்கற பழக்கம் எனக்கு. அதான் பொழச்சேன்."

சைக்கிள் நிறுத்தத்தை விட்டு வெளியே வந்தால் ஒரே இறக்கம். இறக்கத்தின் முடிவில் லாரிகள் பறக்கிற பெரிய சாலை. அவளோ அதைவிடப் பெரிய குண்டாகப் போட்டாள்.

"திங்கக்கிழமை டிப்போவுக்குப் போறேன். பழைய மேனேஜர்கிட்ட பேசிட்டேன், திரும்ப சேத்துக்கறாராம். போதும்டி படிச்சது."

"எவனோ கம்பிய அறுத்தான்னா நீங்க படிப்ப அறுத்துக்குவீங்களா? புகார் குடுக்கலாம் வாங்க."

"புகாரா? வேணாம்." முகம் அப்படியே மாறிவிட்டது. "புகாரப் பத்தி எனக்கு நல்லாத் தெரியும். உனக்குத்தான் தெரியாது."

திங்கட்கிழமை காலை, டிப்போ எங்கேயும் ஓடிப்போகாது, எனக்காக ஓர் அரை மணி நேரம் மாணவர் உதவி மையத்துக்கு வாருங்கள் என்று கெஞ்சினேன். என் வாய்க்குப் பயந்தே சம்மதித்திருப்பாள். அறையை விட்டு வெளியே வந்தவளைப் பார்த்தால், பழைய ஓட்டுநர் சீருடைச் சட்டை. இஸ்திரி போட்டு, கழுத்துப் பொத்தான் வரை மாட்டியிருந்தாள்.

"இது எதுக்குக்கா?"

"விசாரணைக்கு இப்படித்தான் போகணும்."

மையம் நூலகத்து மாடியில் இருந்தது. சின்ன அறை, மெத்தை வைத்த நாற்காலிகள், ஒரு தண்ணீர்க் கூஜா. உள்ளே இருந்த ஆலோசகர் உட்காரச் சொன்னார். "பரவாயில்ல மேடம்" என்று அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். என்ன நடந்தது என்று அவர் கேட்டார்.

"நான் யார்கிட்டயும் வம்புக்குப் போனதில்ல மேடம். கிளாசுக்கு லேட்டா வந்ததில்ல. சத்தமாக்கூட பேசினதில்ல..."

எனக்குப் பொறுக்கவில்லை. பையிலிருந்த கம்பியை எடுத்து மேசைமேல் வைத்தேன். மேசையில் எழுதியதையும் கம்பியை அறுத்த கதையையும் ஒன்றுவிடாமல் கொட்டினேன்.

ஆலோசகர் கேட்டுவிட்டு அக்காவைப் பார்த்தே பேசினார். "பிரேக்க அறுக்கறது குற்றம். நீங்க இந்த இனம்ங்கற வெறுப்புல அறுத்தா, அது வெறுப்புக் குற்றம். இதுல கிண்டல்னு எதுவும் இல்ல. யாரு செஞ்சாங்கன்னு நீங்க நிரூபிக்க வேண்டாம், கண்டுபிடிக்கறது எங்க வேல. போலீசுக்குப் போகலாம், இங்கயே சொல்லலாம், பேர் சொல்லாமகூட பதியலாம். முடிவு உங்களோடது. எங்க போனாலும் நான் கூட வர்றேன்."

அக்கா கம்பியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"புகார் குடுத்தா எனக்கு எத்தன நாள் சஸ்பெண்ட் மேடம்?"

ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்களுக்கா? உங்களுக்கு எதுக்கு சஸ்பெண்ட்?"

"இல்ல... பஸ்ஸுல ஒருத்தர் என் மூஞ்சியில துப்பினாரு. மறுநாள் வண்டி லேட்டுன்னு என் மேல புகார் குடுத்ததும் அவருதான். மேனேஜர் மேசை முன்னாடி நின்னு பதில் சொன்னேன். ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. புகார்னு வந்தா டிரைவருக்குத்தானே மேடம்..."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை வருடத்தில் புகார் என்பது அவள்மேல் வந்து விழுகிற ஒன்றாகவே இருந்திருக்கிறது. அவளும் ஒன்று கொடுக்கலாம் என்று யாரும் அவளுக்குச் சொல்லவே இல்லை. பாவி மக்கள்.

ஆலோசகர் எழுந்து வந்து தானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உங்க மேல இங்க யாரும் ஒண்ணும் சொல்லல. நீங்க சொல்லுங்க, நாங்க கேக்கறோம். மொதல்ல உக்காருங்க."

அக்கா உட்கார்ந்தாள். கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டாள். அப்புறம் அழுதாள். நானும் சேர்ந்து அழுதேன், அதில் என்ன வெட்கம்.

அன்றே அக்கா புகார் எழுதிக் கொடுத்தாள். சைக்கிள் நிறுத்தத்துக் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. எங்கள் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர். பல்கலைக்கழகம் அவர்களை இடைநீக்கம் செய்தது. போலீசிலும் வழக்குப் பதிவானது. சொன்னபடியே ஒவ்வொரு தடவையும் ஆலோசகர் கூடவே போனார். அக்கா டிப்போ மேனேஜருக்குப் போன் போட்டு, "வரல சார். ரூட்ட போட்டுட்டு வர்றேன்" என்றாள். மலையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது எனக்கு. அன்று நான் கழுவிய பாத்திரங்களை அவள் திரும்பக் கழுவவில்லை.

சைக்கிளை ஆதாரத்துக்காகப் போலீஸ் வைத்துக்கொண்டதால் கொஞ்ச நாள் பேருந்தில் போய்வந்தோம். ஒரு மாலை, இறங்கப்போன ஆள் ஒருவர் ஓட்டுநரை அவருடைய பிறப்பைச் சொல்லித் திட்டிவிட்டு இறங்கினார். ஓட்டுநர் சாலையைப் பார்த்தபடி வண்டியை எடுத்தார். அடுத்த சிக்னலில் வண்டி நின்றதும் அக்கா எழுந்து முன்னால் போனாள்.

"தம்பி, அந்தாளு சொன்னத நான் கேட்டேன். எழுதிக் குடுங்க, நான் சாட்சி சொல்றேன்."

"பழகிப்போச்சுக்கா. புகார்னு போனா நம்ம வேலைக்குத்தான் வேட்டு."

அக்கா சிரித்தாள். "நானும் அப்படித்தான் கேட்டேன் தம்பி, எனக்கு எத்தன நாள் சஸ்பெண்ட்னு. ஒரு நாளும் இல்ல."

சிக்னலுக்குச் சிக்னல் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே போனாள். ஓட்டிய காலத்தில் ஒரு நிறுத்தத்தைக்கூட விட்டதில்லை என்று பீற்றிக்கொள்கிறவள், எங்கள் நிறுத்தம் தாண்டிப் போனதைக் கவனிக்கவே இல்லை. நானும் மணி அடிக்கவில்லை.