ஐந்தாவது ஓட்டை

இது கட்டுக்கதை இல்லை. நம்பாதவர்கள் என் தங்கை வீட்டுக்காரரைக் கேட்டுக்கொள்ளலாம். எதையும் ஒன்றுக்குப் பத்தாகச் சொல்லும் மனிதர் அவர். இதை மட்டும் பாதிக்கு மேல் சொல்லமாட்டார். எழுந்து வெளியே போய்விடுவார்.

பேய் இருட்டில்தான் வரும் என்று யார் சொல்லி வைத்தார்களோ! நான் பார்த்தது பட்டப்பகலில். என் சொந்தப் பட்டறையில்.

நானும் அந்தத் தங்கை மாப்பிள்ளையும் சேர்ந்து நடத்தும் பட்டறை அது. ஒரு லேத், ஒரு டிரில்லிங் மிஷின், ஒரு பிரஸ். பெரும்பாலும் கார் வேலைதான். அன்று காலையிலிருந்தே மழை. பதினொரு மணி வாக்கில் ஒரு டாக்ஸிக்காரர் துணி மூட்டையோடு உள்ளே வந்தார். பிரித்தார். முன்சக்கர ஹப்.

ஹப் என்பது சக்கரத்தைத் தாங்குகிற இரும்பு வட்டு. அதில் ஐந்து ஓட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் பின்பக்கமிருந்து ஒரு ஸ்டட்டை, அதாவது மரை போட்ட தடித்த ஆணியை, அழுத்தி ஏற்றுவோம். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த ஐந்து ஸ்டட்டில்தான் சக்கரத்தை மாட்டி நட்டை முடுக்குவது.

"பழைய ஸ்டட்டெல்லாம் மரை போயிடுச்சு. தடியா அஞ்சு வாங்கிட்டேன். ஓட்டையைப் பெருசு பண்ணி ஏத்திக் குடுங்க" என்றார்.

சரி என்று வாங்கி வைத்தேன். மாப்பிள்ளை அந்த மூட்டைத் துணியை விரித்துப் பார்த்தார். பூப்போட்ட பெண்கள் சட்டை. ஒரு கிழிசல் இல்லை. அதன்மேல் அப்பியிருந்தது கிரீஸ்.

"நல்ல சட்டையாச்சே…"

"போட ஆளில்ல. வண்டி தொடைக்க நல்லாருக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

இந்த வேலையில் அவசரம் ஆகாது. ஸ்டட்டின் கழுத்தில் வரிவரியாகப் பல் இருக்கும். ஓட்டை அந்தப் பல்லைவிட மயிரிழை சின்னதாக இருக்க வேண்டும். அப்போதுதான் பிரஸ்ஸில் அழுத்தும்போது கவ்விப் பிடிக்கும். பெரிதாகிவிட்டால் ஸ்டட் ஓட்டைக்குள்ளேயே சுற்றும். பிறகு ஒருநாள் சக்கரம் வண்டியை முந்திக்கொண்டு ஓடும்.

இரண்டு இரும்புக் கட்டைகள்மேல் ஹப்பை வைத்து, மிஷின் மேசையோடு சேர்த்துக் கிளாம்ப் போட்டேன். போல்ட்டை நானே இறுக்கினேன். ஒரு ஓட்டை முடிந்ததும் சுண்டுவிரலை உள்ளே விட்டுச் சுற்றிப் பார்ப்பது என் வழக்கம். பிசிர் இருந்தால் விரல் சொல்லிவிடும். நான்கு ஓட்டைகளும் வழவழவென்று வந்தன.

ஐந்தாவது ஓட்டையின் விளிம்பில் ஒரு கறை. துடைத்தேன். போனது. டிரில்லை இறக்குவதற்குள் மறுபடி இருந்தது.

துரு என்று நினைத்துக்கொண்டேன்.

வெட்டத் தொடங்கியதும் சத்தம் மாறியது. இரும்பு அறுபடுகிற கிரீச் இல்லை. எங்கோ தூரத்தில் யாரோ ஒரு காரின் ஹார்னை அமுக்கிக்கொண்டு விடாமல் இருப்பதுபோல…

பாஆஆஆஆம்…

மிஷினை நிறுத்தினேன். சத்தம் நிற்கவில்லை. வாசலைப் பார்த்தேன். தெருவில் ஒரு வண்டிகூட இல்லை. மெல்லத் தேய்ந்து… நின்றது.

"மாப்ள, ஹார்ன் கேட்டுச்சா?"

"காதுல எண்ணெய் விடுங்க மச்சான். மிஷினுக்கே விட்டா எப்படி?"

இரும்புச் சுருளை ஊதினேன். பறக்கவில்லை. ஈரமாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த ஓட்டைக்கு நான் இன்னும் எண்ணெயே விடவில்லை.

வழக்கம்போல் சுண்டுவிரலை உள்ளே விட்டேன்.

அடியிலிருந்து ஒரு விரல் என் விரல் நுனியைத் தொட்டது.

மெத்தென்று. சூடாக.

இரண்டு முறை தட்டியது. தயங்கித் தயங்கி, கதவைத் தட்டுவதுபோல.

கையை உருவிக்கொண்டேன். குனிந்து ஹப்புக்கு அடியில் பார்த்தேன். இரும்புக் கட்டைகள், மேசை, அவ்வளவுதான். மாப்பிள்ளை ஓடி வந்து தானும் குனிந்து பார்த்தார். வழக்கமாக ஏதாவது கிண்டல் செய்திருப்பார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

நான் மிஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

நாலரை மணிக்கு டாக்ஸிக்காரர் வந்தார்.

"வேலை முடிஞ்சுதா?"

"நாலுதான் ஆச்சு. அஞ்சாவது என்னால ஆகாது. எடுத்துட்டுப் போயிடுங்க."

"ஏன்? என்ன கேடு?"

"உள்ள ஏதோ… கைக்குத் தட்டுப்படுது" என்றேன்.

"பிசிருக்கு பயந்த லேத்காரரை இன்னைக்குத்தான் பாக்குறேன்."

என்னைத் தள்ளிக்கொண்டு மிஷின் அருகே போனார். வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் மோதிரவிரலை ஓட்டைக்குள் விட்டார்.

"ஒண்ணுமே இல்லையே…"

அதோடு நிறுத்தினார்.

விரலை இழுத்தார். வரவில்லை. இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். வரவில்லை.

"விடு…" என்றார். எங்களிடம் சொல்லவில்லை. ஓட்டையைப் பார்த்துச் சொன்னார்.

விரல் அடிவரை உள்ளே போனது. யாரோ கீழேயிருந்து இழுப்பதுபோல, முட்டி இரும்பில் அழுந்தி வெளுத்தது.

"விடுடீ!"

நான் அவர் தோளைப் பிடித்தேன். மாப்பிள்ளை இடுப்பைப் பிடித்தார். எங்கள் இருவர் பலமும் ஒன்றுமில்லாமல் போனது.

பிறகு…

ஹப் சுற்றியது.

பிளக் பிடுங்கிக் கிடந்தது. கிளாம்ப் இறுகி இருந்தது. ஆனாலும் சுற்றியது.

மெதுவாக.

கால் சுற்று. நின்றது. அவர் அலறினார்.

இன்னும் கால் சுற்று.

அவசரமே இல்லாமல்…

டக்.

மூவரும் பின்னால் விழுந்தோம். அவர் விரல் போன கையைப் பிடித்துக்கொண்டு, "ஹார்னை நிறுத்துங்கடா!" என்று கத்திக்கொண்டே இருந்தார். பட்டறையில் ஒரு சத்தமும் இல்லை.

மாப்பிள்ளைதான் ஹப்பைக் கழற்றித் தூக்கினார். அடியில் விரல் கிடந்தது. அந்தப் பூப்போட்ட சட்டையிலேயே அதைச் சுற்றி, ஆளையும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சீக்கிரம் கொண்டுபோனால் ஒட்ட வைத்துவிடலாம் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தோம்.

நர்ஸ் துணியைப் பிரித்தார். பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"இது யாரு விரல்?"

"அவரோடதுதாம்மா."

"அவரோடது இல்ல. பாருங்க. இது பொம்பள விரல். இப்பதான் அறுந்திருக்கு, சூடு கூட ஆறல. அந்தம்மா எங்க?"



அன்றே போலீஸ் வந்தது. பட்டறையைப் புரட்டிப் போட்டார்கள். என் தங்கையையும் என் மனைவியையும் கையை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார்கள். டாக்ஸிக்காரரின் விரல் மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை. மேசைக்கு அடியில், சுருள் குப்பையில், சாக்கடையில்… எங்கேயும்.

நான்கு நாள் கழித்து ஒரு பெண்மணி பட்டறைக்கு வந்தார். டாக்ஸிக்காரர் மனைவியின் அக்கா. போலீஸ் கூப்பிட்டு அந்த விரலை அடையாளம் காட்டச் சொன்னார்களாம். நேரே அங்கிருந்து வருவதாகச் சொன்னார். ஸ்டூலை நகர்த்திப் போட்டேன். உட்காரவில்லை.

"என் தங்கச்சிதான் அவருக்கு வண்டி வேலையில கூடமாட நிப்பா. ஒருநாள் ஜாக்கி போட்டு சக்கரத்தைக் கழட்டி வச்சிருந்தாங்க. ஹப்புக்குப் பின்னால கையை விட்டு ஸ்டட்டை மாட்டிக்கிட்டிருந்தா. விரல் ஓட்டையில இருக்கும்போதே வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சு. கியர்ல இருந்துச்சு. சுத்திடுச்சு. கை உள்ள போயி, ஜாக்கி சாஞ்சு, வண்டி மேலேயே எறங்கிடுச்சு."

"யார் ஸ்டார்ட் பண்ணது?"

"தானா ஆயிடுச்சுன்னார். வண்டியில ஏதோ கோளாறாம், ஹார்னும் அப்படியே அடிச்சுக்கிட்டே இருந்துச்சாம். பக்கத்து வீட்டுக்காரங்க ஜன்னலைச் சாத்திட்டாங்க. அந்தச் சத்தத்துல அவ கத்தினது யாருக்கும் கேக்கல. எவ்ளோ நேரம் கத்தினாளோ… ஹார்ன் நின்னப்ப அவளும் நின்னுட்டா."

மாப்பிள்ளை எழுந்து வெளியே போய்விட்டார்.

"விரல்… உங்க தங்கச்சியோடதுதானா?" என்று கேட்டேன்.

"அதுல அயர்ன் பாக்ஸ் சுட்ட தழும்பு இருக்கு. அவர் வச்ச சூடு. எனக்குத் தெரியாதா? அறுந்த விரல் கெடைக்காம ஒம்பது விரலோடதான் அவளை எரிச்சோம். ஆறு மாசமாச்சு."

வாசல்வரை போனவர் நின்றார். திரும்பாமலேயே சொன்னார்.

"நாலு நாளா ஐஸ் பெட்டியில வச்சிருக்காங்க. தொட்டுப் பாத்தேன்… இன்னும் சூடாத்தான் இருக்கு."