ஃப்ரிட்ஜுக்குள் விதைநெல்

உச்சி வெயிலில் ஒருவர் உங்களுக்குக் காலை வணக்கம் சொன்னால் என்ன செய்வீர்கள்? என் அண்ணன் செல்வம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “மணி பன்னெண்டு ஆவுது. அந்தம்மா இப்பதான் எந்திரிச்சாங்களா?” என்று கேட்டார். அந்த அம்மாவுக்கு மணி எட்டரைதான். ஜெர்மனியில் என் மகள் இனியாவின் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை அவர். பூதலூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில், அரிசி டிரம்மின் மேல் சாய்த்து வைத்த கைபேசிக்குள்ளிருந்து “குட்டன் மோர்கன்” என்று கையசைத்துக்கொண்டிருந்தார். அங்கே பிள்ளைகள் ரொட்டியைக் கடித்தபடி உட்கார்ந்திருக்க, இங்கே இனியா சாம்பார் சாதத்தை முடித்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் இருந்தாள். மூன்று வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்த எங்களை ஊரடங்கு பிடித்துக்கொண்டது. கணவர் அங்கே, நானும் மகளும் இங்கே, பள்ளிக்கூடம் அரிசி டிரம்மின் மேல்.

அந்த வகுப்பில் இனியா மட்டும் வாயே திறக்கவில்லை. ஜெர்மனியிலும் அப்படித்தான். முதல் நாள் அந்த ஊர் வழக்கப்படி மிட்டாய் நிறைந்த, தன் உயரத்துக்கு இருந்த காகிதக் கூம்பைத் தூக்கிக்கொண்டு போனவள், வகுப்பறைக்குள் நுழைந்ததும் மௌனமானாள். விளையாட்டுத் திடலில் ஜெர்மன் மொழியில் சண்டை போடுவாள், ஆசிரியை கேட்டால் தரையைப் பார்ப்பாள். வகுப்பு கைபேசிக்கு வந்த பிறகு இன்னும் வசதி, மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வாள். அதனால்தான் ஆசிரியை ஃப்ராவ் லேமன் எனக்கு ஒரு மின்னஞ்சல் எழுதியிருந்தார். ஆண்டு முடிவதற்குள் அவள் வகுப்பில் பேசிக் கேட்காவிட்டால், அவள் நலனுக்காக மறுபடியும் ஒன்றாம் வகுப்பிலேயே இருக்க வைப்பது நல்லது என்று நினைக்கிறாராம். எவ்வளவு மென்மையாக எழுதினாலும் நம் ஊரில் அதற்கு ஃபெயில் என்றுதான் பெயர். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

பயந்துபோன தமிழ்த் தாய் என்ன செய்வாள்? ரப்பரைக் கையில் எடுத்தேன். இனியா தப்பாக எழுதியதையெல்லாம் அழித்து, திருத்தி, அவள் கையெழுத்து மாதிரியே கொஞ்சம் கோணலாக எழுதிப் படம் எடுத்து அனுப்பினேன். மூன்றாம் நாளே பதில் வந்தது: “உங்கள் கையெழுத்து அழகாக இருக்கிறது. ஆனால் எனக்கு இனியாவின் தவறுகள் வேண்டும். தயவுசெய்து அவற்றை அனுப்புங்கள்.” தவறுகளை வேண்டும் என்று கேட்டு வாங்கும் ஒரு வாத்தியாரை நான் அதுவரை பார்த்ததில்லை. நான் நாலாம் வகுப்பு படித்தபோது கைவேலைப் போட்டிக்குப் பனையோலை விசிறி கொண்டுபோய் முதல் பரிசு வாங்கினேன். பின்னியவர் அண்ணன். இரண்டாம் பரிசு வாங்கியவளுக்குப் பின்னிக் கொடுத்தது அவள் சித்தப்பா. டீச்சருக்கும் அது தெரியும், ஊருக்கும் தெரியும். பிள்ளை பள்ளிக்குப் போகிறது என்றால் வீடே சேர்ந்து போகிறது என்று அர்த்தம்.

இப்படியிருக்க, மே மாதத்தில் ஒரு விதையை முளைக்க வைக்கச் சொன்னார் ஃப்ராவ் லேமன். தயிர்க் கிண்ணத்தில் ஈரப் பஞ்சு, அதில் ஒரு விதை. தினமும் ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் எழுத வேண்டும். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். “இதுக்கு ஒரு பாடமா? நம்ம வீட்டுலயா?” என்று விதைநெல் மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளி ஊறவைத்து, அதில் ஒரு மணியை இனியாவிடம் கொடுத்தார். அவர் சிரிப்புக்குள் ஒரு பெருமை இருந்தது. எங்கள் அப்பா கடைசிவரை அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர். இப்போது அண்ணன் பெயரில் ஒன்றரை ஏக்கருக்குப் பட்டா இருக்கிறது. பம்புசெட்டுத் தண்ணீரில் குறுவைக்கு நாற்றங்கால் பச்சையாக நின்றுகொண்டிருந்தது.

ஆனால் இனியாவின் நெல் முளைக்கவில்லை. நோட்டில் தினமும் ஒரு சைபர் ஏறியது. ஆறாம் நாள்தான் காரணம் தெரிந்தது. ஃப்ரிட்ஜில் மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால், பத்திரமாக மூடி வைக்கப்பட்டிருந்தது கிண்ணம். வெளியே வைத்தால் வெயில் சுட்டுவிடுமாம். அண்ணனுக்கு முகம் வாடிவிட்டது. “விவசாயி வீட்டுல ஒரு நெல்லு முளைக்கலன்னு அந்த ஊரு பூரா பார்க்கவா?” என்றவர், மறுநாள் காலை இனியா குளித்துக்கொண்டிருந்தபோது நாற்றங்காலிலிருந்து ஒரு நாற்றைப் பிடுங்கி வந்து வேறொரு தயிர்க் கிண்ணத்தில் நட்டு வைத்தார். நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. இனியா வந்து பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு மணிக்கு வகுப்பு. ஒவ்வொரு பிள்ளையும் கிண்ணத்தைக் காட்டியது. ஒருவனுக்கு அரை சென்டிமீட்டர், ஒருத்திக்கு இரண்டு. எங்கள் முறை வந்தபோது அண்ணனே கிண்ணத்தைத் திரைக்கு முன்னால் தூக்கிப் பிடித்தார். ஒரு சாண் நாற்று. நேற்றுவரை சைபர்! ஃப்ராவ் லேமன் கண்களை அகல விரித்து, “இந்திய வெயிலில் எல்லாம் எவ்வளவு வேகமாக வளர்கிறது, பாருங்கள் பிள்ளைகளே!” என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் சிரித்து வைத்தேன்.

அப்போது இனியாவின் விரல் நீண்டு மைக்கைத் தொட்டது. “இது என்னுடையது இல்லை,” என்றாள், தெளிவான ஜெர்மன் மொழியில். “என்னுடையது ஃப்ரிட்ஜில் இருக்கிறது. அது சைபர்தான். இதை மாமா வயலிலிருந்து கொண்டுவந்தார். அம்மாவுக்கும் தெரியும்.”

அண்ணனுக்கு ஜெர்மன் தெரியாது. “பேசுறா பாரு! என்னா சொல்றா?” என்று பூரித்துப் போனார்.

“உங்களப் பத்தித்தாண்ணே சொல்றா.”

“சொல்லட்டும், சொல்லட்டும்,” என்று தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டு திரைக்குப் பெரிய கும்பிடு போட்டார்.

எனக்கு வெட்கம் ஒரு பக்கம், கண்ணில் தண்ணீர் ஒரு பக்கம். எட்டு மாதம் காத்திருந்த பேச்சு, எங்களைக் காட்டிக் கொடுக்கத்தானா வரவேண்டும்! ஃப்ராவ் லேமன் கோபப்படவில்லை. அந்தச் சைபர்களைக் காட்டச் சொன்னார். இனியா நோட்டைத் தூக்கிக் காட்டி, “நுல், நுல், நுல்” என்று ஆறு முறை படித்தாள். சைபரும் ஒரு அளவுதான், உண்மையாக எழுதியிருக்கிறாய் என்றார் ஆசிரியை. ஏன் ஃப்ரிட்ஜில் வைத்தாய் என்று கேட்டதற்கு, “இங்கே ரொம்பச் சூடு. நம் ஊர் மாதிரி குளிராக இருக்கட்டும் என்று,” என்றாள். நல்ல வேளையாக அண்ணனுக்கு அது புரியவில்லை. நான் பிறந்த வீட்டின் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு அவள் நம் ஊர் என்று சொன்னது வேறு ஊரை. அது எனக்குச் சுருக்கென்றது.

கிண்ணத்தை வெளியே எடுத்து வைத்தோம். அண்ணன் அந்த நெல்லை உற்றுப் பார்த்து, “சாகல பாப்பா. குளிருக்கு அடங்கிக் கெடக்கு,” என்றார். நாலாம் நாள் வெள்ளையாக ஒரு முனை எட்டிப் பார்த்தது. அதற்குப் பிறகு இனியாவை அடக்க முடியவில்லை. தினமும் மைக்கைத் திறந்து, யாரும் கேட்காமலே மில்லிமீட்டர் கணக்கு சொன்னாள். ஜூலை மாதம் வந்த அறிக்கையில் இரண்டாம் வகுப்புக்குப் போகலாம் என்று இருந்தது. ‘சில நேரம் அதிகம் பேசுகிறாள்’ என்றும் ஒரு வரி. அந்த வரியை நான் கணவரிடம் நாலு முறை படித்துக் காட்டினேன்.

சிறப்பு விமானத்தில் இடம் கிடைத்துத் திரும்பும்போது இனியாவின் நாற்றைக் கொண்டுபோக முடியவில்லை. குறுவை நட்டிருந்த வயலின் வடகிழக்கு மூலையில் அண்ணன் அதை நட்டு, பக்கத்தில் ஒரு குச்சி ஊன்றி, இனியாவின் சிவப்பு ரிப்பனைக் கட்டிவைத்தார். ஜெர்மனி வந்து சேர்ந்ததும் பாடம் தலைகீழானது. காலை ரொட்டி நேரத்தில் வீடியோவில் அழைத்து இனியா கேட்பாள், வயல் வரப்பில் நின்று அண்ணன் பதில் சொல்ல வேண்டும். “மாமா, ஸ்கேல் வைங்க. நேரா வைங்க!” அவரும் பையன் மாதிரி வைப்பார்.

ஆகஸ்டில் ஒரு பெருமழை. மறுநாள் அழைத்தபோது குச்சியும் இல்லை, ரிப்பனும் இல்லை. பயிர் தூர்கட்டி ஒன்றோடொன்று கலந்து நின்றது. அண்ணன் கொஞ்சம் தடுமாறி ஒரு தூரைத் தொட்டார். “இதான் பாப்பா, ஒன்னோடது.”

“மாமா, பொய் சொல்லக் கூடாது.”

அவர் கையை எடுத்துக்கொண்டார். “தெரியல கண்ணு. இதுல ஒண்ணுதான்.”

அழுவாள் என்று நினைத்தேன். அவள் நோட்டில் அளவு எழுதும் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, “சரி, எல்லாத்தையும் காட்டுங்க,” என்றாள். அண்ணன் கைபேசியை மெல்லத் திருப்பினார். வயல் முழுக்க ஒரே பச்சை. அங்கே மணி பதினொன்று, வெயில் ஏறிவிட்டது. இங்கே ஜன்னலுக்கு வெளியே இன்னும் பனிமூட்டம் கலையவில்லை. கையில் கடித்த ரொட்டியோடு என் மகள் அந்தப் பயிர் எல்லாவற்றுக்கும் பொதுவாக “குட்டன் மோர்கன்” என்று கையசைத்தாள். இந்த முறை அண்ணன் மணி பார்க்கவில்லை. அவரும் அதையே திருப்பிச் சொன்னார்.